சோல்பரி அறிக்கையும் முதல் மந்திரிசபையும்

அரசியற்றிட்டம் ஒன்றைக் கற்பிப்போரும் கற்போரும் அதனைப் பெரும்பாலும் பிரிவு பிரிவாகவே நோக்குவர். மகாதேசாதிபதியின் அதிகாரம் ஒரு பாடம். செனற்சபையின் அமைப்பு மற்றொரு பாடம். பகிரங்க சேவை ஆணைக்குழு பிறிதொரு பாடம். பரீட்சை வினாக்களும் அம்முறையிலேயே அமைந்தமையால், இலங்கையின் சோல்பரி அரசியற்றிட்டம் பல்லாண்டுக் காலம் மாணாக்கர் மனத்தில் ஒரு பட்டியலாகவே பதிந்து கிடந்தது. அத்திட்டத்துக்கு மூலமாயமைந்த 1945ஆம் ஆண்டு ஆணைக்குழு அறிக்கையோ பட்டியலன்று. அது தொடக்கமும் முடிவும் உடைய ஒரு நூல். பல இனத்தவர் வாழும் ஒரு நாட்டில் அரசாங்கம் ஒன்று எங்ஙனம் அமையும் என்பது பற்றித் திடமான ஓர் எண்ணத்தைத் தன்னகத்தே கொண்டு, அவ்வெண்ணத்துக்கு இசைய வாதங்களை அடுக்கிச் செல்வது. அந்நூலை நூலாகவே வைத்து ஆராய்தலும், 1947ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் முதல் மந்திரிசபை அமைந்தபோது அதன் எண்ணம் எவ்வாறு சோதனைக்குள்ளாயிற்று என்று காண்டலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோல்பரிப் பிரபு, ஜே. எவ். றீஸ், எவ். ஜே. பறோஸ் ஆகிய மூவரும் 1944ஆம் ஆண்டு மார்கழியில் இலங்கைக்கு வந்து, மறு ஆண்டு சித்திரை வரையில் இங்குத் தங்கினர். அவர்கள் வெறுங்கையுடன் வந்தவரல்லர். அமைச்சர்கள் சமர்ப்பித்த வரைவு ஒன்று அவர்களுக்கு முன்னரே கிடைத்திருந்தது. டி. எஸ். சேனநாயக்காவுக்கு ஆலோசகராயிருந்த பல்கலைக்கழக உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் ஆக்கத்திற் பெரும்பங்கு கொண்டவர். சிறுபான்மையோர் உட்படப் பலர் கருத்தையும் கேட்கும்படி ஆணைக்குழுவின் பணி விரிக்கப்பட்டமையை ஆட்சேபித்து, அமைச்சர்கள் அதன்முன் உத்தியோக முறையிற் சாட்சியம் அளியாது ஒதுங்கி நின்றனர். ஆயினும் அறிக்கை வெளிவந்தபோது அதன் உடல் பெரும்பாலும் அமைச்சர் வரைவின் உடலாகவே இருந்தது. சாட்சியம் கூறாதிருந்தோர் தாம் விரும்பியவற்றுட் பெரும்பாலானவற்றைப் பெற்றனர். நீண்ட சாட்சியம் கூறினோர் அனுதாபத்தைப் பெற்றனர். அறிக்கையை முதன்முறை படிப்போர் எவர்க்கும் இவ்வேறுபாடு புலனாகாமற் போகாது.

அறிக்கை தனக்கு முன்னிருந்த ஏற்பாட்டைக் குறித்துக் கூறுவனவற்றிலிருந்தே அதன் எண்ணத்தை உணரத் தொடங்கலாம். 1931ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த டொனமூர்த் திட்டத்தின்கீழ் அரசாங்க சபையின் அங்கத்தவர் யாவரும் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தெரிந்தது, அத்தலைவரே அமைச்சர். பிரதமர் என ஒருவர் இல்லை; கூட்டுப் பொறுப்பும் இல்லை. இவ்வேற்பாடு வேலையைத் தாமதிக்கச் செய்தது என்பதிலும், எவரும் எதற்கும் பொறுப்பேலாத நிலையை உண்டாக்கிற்று என்பதிலும் அதனை ஆராய்ந்தோரிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் தமிழர் அதனை வெறுத்தமைக்குக் காரணம் வேறு. 1931இல் அமைந்த முதல் அமைச்சர் குழாத்திற் பெரி. சுந்தரமும் மாக்கான் மாக்காரும் இடம்பெற்றிருந்தனர். 1936ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் ஏழு குழுக்களிலும் பெரும்பான்மை ஒரே இனத்தார்க்கு அமையுமாறு கணக்குப் பார்த்து அங்கத்தவர் பங்கிடப்பட்டனர். ஏழு அமைச்சரும் சிங்களவராயினர். ஒருமித்த குரலிற் சீர்திருத்தம் கேட்கும் அமைச்சர் குழாம் ஒன்று தேவைப்பட்டமையே அதற்குக் காட்டப்பட்ட நியாயம். பின்னர்ச் சேர் டி. பி. ஜயதிலக்கா இலங்கையின் பிரதிநிதியாக இந்தியாவுக்குச் சென்றபோது வெறிதான உள்நாட்டு அமைச்சு அருணாசலம் மகாதேவாவுக்குக் கிடைத்தது. ஆயினும் 1936ஆம் ஆண்டின் வடு ஆறவில்லை.

இவ்வடுவை ஆணைக்குழு கண்டது. அது கண்டுகொள்ளவில்லை என்று கூறுவோர் அறிக்கையைச் சரியாகப் படித்தவராகார். சிறுபான்மையோரின் அச்சம் மெய்யான அச்சம் என்பதை அது ஒப்புகின்றது. அரசாங்கம் திட்டமிட்டுச் சிறுபான்மையோர்க்கு அநீதி இழைத்தமைக்குத் தக்க சான்று இல்லையென்று தீர்ப்புக் கூறுமிடத்தும் அச்சத்தை அது மறுக்கவில்லை. அச்சத்துக்கு அது தெரிந்த மருந்தே ஆராயற்பாலது. நிருவாகக் குழுக்களை ஒழித்து, பிரதமர் ஒருவரை நிறுவி, அமைச்சரைத் தெரியும் உரிமையை அவர் கையில் ஒப்புவித்தது. பெரும்பான்மைக் கட்சியின் தலைவர், பல இனத்தாரையும் அரவணைத்து ஒரு மந்திரிசபையை அமைப்பார். அரசியல் வாழ்வே அவரை அங்ஙனம் செய்யத் தூண்டும். காலகதியில் இனப்பிரிவுகள் மங்கிக் கொள்கை வழிப்பட்ட கட்சிகள் தோன்றும். இதுவே அறிக்கையின் அடிநாதம். 1936இல் ஏழு குழுக்களின் பெரும்பான்மை எதைத் தீர்மானித்ததோ, அதனை இனி ஒரு மனிதரின் விருப்பம் தீர்மானிக்கும். அவ்விருப்பம் நல்விருப்பமாயிருக்கும் என்பது ஆணைக்குழுவின் நம்பிக்கை.

திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரங்களைப் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஓர் எண்ணம் எழக்கூடும். அங்கே அரசன் ஒருவன் தன் அறிவாற் பிறருடைய குணமும் குற்றமும் நாடி வினைக்குரியாரைத் தெரிகின்றான். தெரியப்பட்டவனுக்கு அரசனது தெளிவே ஆதாரம். பிறிதோர் ஆதாரம் இல்லை. ஆங்கில நாட்டுப் பிரதமரின் நிலை அவ்வரசனது நிலையன்று. கட்சி, கட்சிக்குள் இருக்கும் பிரிவுகள், அப்பிரிவுகளின் பின்னே நிற்கும் வாக்காளர் ஆகிய எல்லாம் அவர் கையைப் பிடிக்கின்றன. அத்தகைய கட்சிகள் வளராத ஒரு நாட்டிற்கு ஆங்கிலப் பிரதமரின் பதவியை மாத்திரம் எடுத்துவந்து நாட்டினால், வந்து சேர்பவர் பழைய அரசனையே ஒப்பர். இவ்வேறுபாட்டை அறிக்கை எங்கும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிரதமரின் கையைப் பிடிக்கக்கூடிய ஒரே வலிமை பாராளுமன்றத்தின் ஆசனக் கணக்காகும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கேட்ட ஐம்பதுக்கு ஐம்பது என்னும் ஏற்பாட்டின் உட்கருத்தும் இதுவே. சிங்களவர்க்குப் பாதி, ஏனையோர் யாவர்க்கும் சேர்த்துப் பாதி என ஆசனங்களை வகுத்துவிட்டால், எந்தத் தலைவரும் பிற இனத்தாரின் உடன்பாடின்றி அரசாங்கம் அமைத்தல் இயலாது. ஆணைக்குழு இதனை மறுத்தது. மூன்றிலிரு பங்குக்கு மேற்பட்ட மக்களைச் செயற்கையாகப் பாதியாக்குவது நீதியன்று என அது கூறிய நியாயத்தை இன்று வாசிப்போர் எளிதில் தள்ளிவிடுதல் முடியாது. பொன்னம்பலத்தின் கோரிக்கை, இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், ஐரோப்பியர் ஆகிய அனைவரும் என்றும் ஒரே அணியில் நிற்பர் என எண்ணிக்கொண்டது. அவ்வெண்ணமும் பின்னர்ப் பொய்த்தது. எனினும் கோரிக்கையின் அளவு தவறு என்பதனால் அதன் நோக்கமும் தவறாகிவிடாது. அந்நோக்கத்துக்கு ஆணைக்குழு வைத்த மாற்று, நிலப்பரப்புக்கு இடமளிக்கும் முறையாகும். எழுபத்தையாயிரம் மக்களுக்கு ஓர் ஆசனம். அத்துடன் ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம். இவ்வாறு தெரிவுசெய்யப்படும் 95 அங்கத்தவருள் 58 பேர் சிங்களவராயும், 15 பேர் இலங்கைத் தமிழராயும், 14 பேர் இந்தியத் தமிழராயும், 8 பேர் முஸ்லிம்களாயும் இருப்பர் என அமைச்சர்கள் மதிப்பிட்டிருந்தனர். ஆணைக்குழு அம்மதிப்பீட்டில் நம்பிக்கை வைத்தது. 1947இல் தெரிவுசெய்யப்பட்ட சிங்கள அங்கத்தவரின் தொகை 68. பத்து ஆசனங்கள் என்பது சிறிதாகத் தோன்றலாம். 95 பேர் தெரிவுசெய்யப்படும் சபையில் பிரதமர் ஒருவர் எவரை நாடிச் செல்ல வேண்டியிருக்கும், எவரை நாட வேண்டியதில்லை என்பதை அப்பத்து ஆசனங்களே நிருணயிக்கும்.

1945ஆம் ஆண்டு கார்த்திகையில் அரசாங்க சபை இத்திட்டத்தை 51 வாக்குக்கு 3 வாக்காக ஏற்றது. ஆதரித்தோருட் பல தமிழ் அங்கத்தவரும் அடங்குவர். அவர்கள் ஏமாற்றப்பட்டனர் என்று பிற்காலத்தார் சிலர் கூறுவது பொருந்தாது. குறைந்தது இரண்டு காப்புகள் திட்டத்தில் இருந்தன. ஒன்று, யாதேனும் ஓர் இனத்தார்க்கோ மதத்தார்க்கோ ஏனையோர்க்கில்லாத தடையை விதிக்கும் சட்டமும், ஏனையோர்க்கில்லாத சலுகையை வழங்கும் சட்டமும் செல்லாதெனக் கூறும் 29ஆம் பிரிவு. மற்றையது, ஓர் இனத்தாரது கடும் எதிர்ப்புக்குள்ளாகி, அவர்க்குப் பெரும் அநீதி விளைக்கக்கூடியதென மகாதேசாதிபதி கருதும் மசோதாவை அவர் முடியின் சம்மதத்துக்காக ஒதுக்கிவைக்கும் அதிகாரம். இவ்விரண்டாவதனைப் பற்றி நம் பாடநூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. அறிக்கையின் கட்டுக்கோப்பில் அதுவே பிரதான தூண் எனலாம். ஏனெனில் 29ஆம் பிரிவு சட்டம் நிறைவேறியபின் நீதிமன்றத்தில் வழக்காடுவோர்க்கு உதவுவது, ஒதுக்கிவைக்கும் அதிகாரமோ சட்டம் நிறைவேறுமுன் தடுப்பது.

இனி, அவ்வறிக்கை எழுதப்பட்டது சுதந்திர நாடொன்றுக்கன்று என்பது ஈண்டு நினைவிற்கொள்ளற்பாலது. பாதுகாப்பும் வெளிநாட்டு விவகாரமும் பிரித்தானியர் கையிலேயே இருக்க, உள்நாட்டு ஆட்சியை மாத்திரம் இலங்கையரிடம் ஒப்படைக்கும் ஓர் இடைக்கால நிலைக்கே அது எழுதப்பட்டது. 1946ஆம் ஆண்டு அரச கட்டளையால் அத்திட்டம் சட்டமாயிற்று. மறு ஆண்டில் இந்தியா சுதந்திரம் அடைந்தது, பர்மாவும் அடையவிருந்தது. சேனநாயக்கா இலங்கைக்கும் அதனைக் கேட்டுப் பெற்றார். அதற்கெனப் புதிய அரசியற்றிட்டம் ஒன்று வகுக்கப்படவில்லை. இருந்த திட்டத்தில் முடிக்குரிய அதிகாரங்கள் நீக்கப்பட்டன. அவற்றோடு மசோதாக்களை ஒதுக்கிவைக்கும் அதிகாரமும் நீங்கிற்று. சுதந்திர நாடொன்றில் அவ்வதிகாரம் நிற்க முடியாதென்பது உண்மையே. ஆனால் அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. வைக்கவேண்டும் என்று எவரும் வற்புறுத்தியதாகவும் தெரியவில்லை. இடைக்கால வீடொன்றின் தூணொன்றை எடுத்துவிட்டு அதனையே நிரந்தர வீடாக்கியதை ஒக்கும் இது. 1948ஆம் ஆண்டு மாசி 4ஆம் நாள் மகிழ்ச்சியோடு கொண்டாடப்பட்டபோது, எஞ்சி நின்ற காப்பு 29ஆம் பிரிவும் பிரதமரின் நல்விருப்பமும் ஆகிய இரண்டே.

நல்விருப்பம் எத்தகைய அரசாங்கத்தை அமைத்ததென்று நோக்குவோம். 1947ஆம் ஆண்டு ஆவணி 23ஆம் நாள் தொடங்கிப் புரட்டாதி 20ஆம் நாள் வரை நடைபெற்ற தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 42 ஆசனங்களைப் பெற்றது. லங்கா சமசமாஜக் கட்சி 10, தமிழ்க் காங்கிரஸ் 7, இலங்கை இந்தியக் காங்கிரஸ் 6, போல்ஷெவிக் லெனினியக் கட்சி 5, கம்யூனிஸ்டுக் கட்சி 3, தொழிற் கட்சி 1 எனப் பெற்றன. 21 ஆசனங்கள் சுயேச்சையாளர்க்குச் சென்றன. எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. ஐக்கிய தேசியக் கட்சியை விலக்கி மற்றோர் அரசாங்கம் அமைக்கக்கூடுமோ என ஆராய, எச். ஸ்ரீ நிசங்காவின் 'யமுனா' இல்லத்தில் எதிரணித் தலைவர்கள் கூடினர். இடதுசாரிகளிடையே இருந்த பகைமையும் ஒருவர் மீதொருவர் கொண்ட ஐயமும் அம்முயற்சியைக் கருவிலேயே கலைத்தன. அன்று 'யமுனா'வில் கூடியோர் உடன்பட்டிருந்தால், வெவ்வேறு இனத்தாரின் கட்சிகள் பேச்சுவார்த்தை நடத்தி, நிபந்தனை கூறி, நிபந்தனை ஏற்று அமைக்கும் ஓர் அரசாங்கம் இலங்கையில் தோன்றியிருக்கலாம். அது நீடித்திருக்குமோ என்பது வேறு கேள்வி.

சேனநாயக்கா வேறு வழியாக அரசாங்கம் அமைத்தார். நியமன அங்கத்தவர் அறுவரும் சுயேச்சையாளர் பலரும் அவர் பக்கம் சேரவே பெரும்பான்மை கிடைத்தது. புரட்டாதி 26ஆம் நாள் பதவியேற்ற மந்திரிசபையில் அவரோடு 14 பேர். பண்டாரநாயக்கா, கொத்தலாவலை, டட்லி சேனநாயக்கா, ஜே. ஆர். ஜயவர்த்தனா ஆகியோர் முக்கிய அமைச்சுகளைப் பெற்றனர். ரி. பி. ஜாயா தொழில், சமூகசேவை அமைச்சராயினார். வர்த்தக வாணிப அமைச்சு வவுனியாத் தொகுதி அங்கத்தவரான சி. சுந்தரலிங்கத்துக்கும், தபால் தந்தித் தொடர்பு அமைச்சு மன்னார்த் தொகுதி அங்கத்தவரான சி. சிற்றம்பலத்துக்கும் கிடைத்தன. முன்னவர் கணிதப் பேராசிரியராயிருந்தவர். பின்னவர் சிவில் சேவையில் அனுபவம் பெற்றவர். தகுதிபற்றிக் குறை கூற எவராலும் இயலாது. 1936ஆம் ஆண்டின் ஏழு அமைச்சரோடு ஒப்பிட்டால் இம்மந்திரிசபை பெரிதும் மேம்பட்டதென்பதும், சோல்பரி அறிக்கை எதிர்பார்த்தது நிறைவேறியது போலத் தோன்றிற்றென்பதும் மறுக்கற்பாலன அல்ல.

ஆயினும் வட மாகாணத்தின் தேர்தல் முடிவை இம்மந்திரிசபையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அம்மாகாணத்தின் 9 ஆசனங்களுள் 6 தமிழ்க் காங்கிரசுக்கும் 3 சுயேச்சையாளர்க்கும் சென்றன. ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒன்றேனும் இல்லை. பழைய அமைச்சர் மகாதேவா அக்கட்சியின் சார்பில் யாழ்ப்பாணத் தொகுதியில் நின்று பொன்னம்பலத்திடம் தோல்வியுற்றார். அதாவது, தமிழ் வாக்காளர் ஒரு கட்சிக்குத் தம் ஆணையைக் கொடுத்தனர்; பிரதமர் அக்கட்சியோடு பேசாது, கட்சியெதையும் சாராத மூவருள் இருவரை அழைத்துக்கொண்டார். சுந்தரலிங்கமும் சிற்றம்பலமும் தமிழர். ஆனால் தமிழரின் உடன்பாட்டைக் கொண்டுவந்தவரல்லர். கொண்டுவரும்படி அவர்களிடம் கேட்கப்படவுமில்லை. எந்த நிபந்தனையும் எழுதப்படவில்லை. எந்த விடயத்தில் அரசாங்கம் ஒன்று செய்தால் அவர்கள் வெளியேறுவர் என்பது அவர்களுக்கும் பிரதமருக்கும் முன்கூட்டித் தெரியாது. மந்திரிசபையில் ஓர் இனத்தைச் சேர்ந்தவர் இருத்தலும் அவ்வினம் மந்திரிசபையில் இடம்பெறுதலும் ஒன்றென அறிக்கை கொண்ட மயக்கமே இங்கு உருவெடுத்து நின்றது.

மயக்கம் தெளிய ஓராண்டுகூடச் செல்லவில்லை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு ஆவணியில் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன்படி இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்குத் தந்தையேனும், தந்தைவழிப் பாட்டன் பூட்டன் ஆகிய இருவருமேனும் இலங்கையிற் பிறந்தமையைக் காட்டுதல் வேண்டும். பிறப்புப் பதிவு ஒழுங்காகப் பேணப்படாத தோட்டப்புறங்களில் வாழ்ந்தோர் பாட்டன் பிறந்த ஊரை எப்பத்திரத்தைக் கொண்டு காட்டுவர்? 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏறத்தாழ 780,000 பேராயிருந்த இந்தியத் தமிழருட் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். தேயிலையும் இறப்பரும் ஈட்டிய பணத்தில் நடந்த அரசாங்கம், அவற்றை ஈட்டித் தந்தோரைப் பிறத்தியார் என்றது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற ஒரு வழி திறந்தது. 1946ஆம் ஆண்டு தை முதல் நாளுக்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வசித்தமையைக் காட்டுதல் வேண்டும் என்பது அதன் விதி. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரசைகளல்லாதோரின் வாக்குரிமையை நீக்கிற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 6 ஆசனங்களைக் கொடுத்த வாக்காளர் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அதற்கு ஓர் ஆசனமும் கொடுக்கும் நிலையில் இல்லை.

இவ்விடத்தில் தமிழ் அமைச்சர் யாது செய்தனர்? சுந்தரலிங்கம் முதற் சட்டத்தை ஆதரித்தார். இரண்டாவது மசோதா மார்கழியில் வாக்குக்கு விடப்பட்டபோது வாக்களிப்பிற் கலந்துகொள்ளாது நீங்கினார். பிரதமர் விளக்கம் கேட்கவே அமைச்சைத் துறந்தார். சிற்றம்பலம் பதவியிலிருந்தார். எதிரணியிலிருந்து முதற் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பொன்னம்பலம் புரட்டாதியில் கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் அமைச்சராகி, மார்கழியில் இரண்டாவது மசோதாவை ஆதரித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், செனற்றர் இ. மு. வி. நாகநாதன் முதலியோர் அவரைவிட்டுப் பிரிந்து 1949ஆம் ஆண்டு மார்கழி 18ஆம் நாள் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இம்மனிதர்களுள் யார் வீரர், யார் துரோகி என்று வகுப்பதிலேயே காலம் கழிப்பர். அவ்வகுப்பு எளிது, அதனால் விளங்குவது சிறிது. சுந்தரலிங்கம் விலகினார், சட்டம் நிறைவேறிற்று. பொன்னம்பலம் சேர்ந்தார், சட்டம் நிறைவேறிற்று. விலகுதலும் சேர்தலும் சட்டத்தின் போக்கை அணுவளவும் மாற்றவில்லை. தனி மனிதராக அழைக்கப்பட்டவர் தனி மனிதராகவே போகலாம். அவர் போவதனால் அரசாங்கம் விழாது. 1953இல் கொத்தலாவலை பிரதமரானபின் பொன்னம்பலமும் அமைச்சை இழந்தபோது, யாழ்ப்பாணத்துக்கு வெளியே அது ஒரு செய்தியாகவே முடிந்தது.

எஞ்சிய காப்பாகிய 29ஆம் பிரிவு அதே ஆண்டிற் சோதிக்கப்பட்டது. கோடக்கன் பிள்ளை வழக்கிலே, பிரசாவுரிமைச் சட்டமும் தேர்தற் சட்டமும் ஓர் இனத்தார்மீது மாத்திரம் தடை விதிப்பன. ஆதலாற் செல்லா என வாதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தன் பிரசைகள் யாவர் என வரையறுத்தல் எந்த நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான உரிமை. சட்டத்தின் சொற்கள் எவ்வினத்தையும் பெயர் கூறிச் சுட்டவில்லை என்னும் போக்கில் அம்மன்று சட்டங்கள் செல்லும் எனத் தீர்த்தது. சொல்லை நோக்கினால் தீர்ப்பிற் குறைகாண்டல் அரிது. பயனை நோக்கினாற் காப்பு உடைந்தது. 29ஆம் பிரிவு செய்யற்க என்று கூறும் பிரிவு. இன்ன உரிமை இன்னார்க்கு உண்டு என்று கூறும் பிரிவன்று. இனத்தின் பெயரைக் கூறாமல் இனத்தை விலக்கத் தெரிந்த சட்டவாக்கத்தார்க்கு அது தடையாகவில்லை. குடிவரவும் வாக்குரிமையும் உள்நாட்டு விடயங்களென ஆணைக்குழு முன்னரே ஒதுக்கிவிட்டமையும் இங்கு நினைக்கத்தக்கது. யார் வாக்காளர் என்பதைப் பெரும்பான்மையே தீர்மானிக்கலாமெனில், ஆசனங்களுக்கென்று அறிக்கை செய்த நுட்பமான கணக்கெல்லாம் யாருக்காக?

அக்காலத்தில் அயல்நாட்டில் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1947ஆம் ஆண்டு ஆவணியில் நேரு அமைத்த மந்திரிசபையிலும் காங்கிரசைச் சாராதோர் இருந்தனர். அம்பேத்கர் சட்ட அமைச்சர். நீதிக்கட்சியில் இருந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் நிதி அமைச்சர். சியாமா பிரசாத் முக்கர்ஜியும் ஓர் அமைச்சர். அவர்களும் நிலைக்கவில்லை. செட்டியார் 1948இலும், முக்கர்ஜி 1950இலும், அம்பேத்கர் 1951இலும் விலகினர். ஆக, மாற்றுக்கருத்துடையோரை அழைத்து மந்திரிசபையை அலங்கரித்தல் எங்கும் நெடுநாள் நிற்பதன்று. ஆனால் அம்பேத்கர் விலகியபோது, அவர் தலைமையில் வரையப்பட்ட அரசியற்றிட்டத்திலிருந்து அடிப்படை உரிமைகள் விலகவில்லை. தீண்டாமை ஒழிந்தது என எழுதிய பிரிவு அவரோடு மந்திரிசபையைவிட்டு வெளியேறவில்லை. அத்திட்டம் இந்தியரே கூடி, ஏறத்தாழ மூன்றாண்டு வாதாடி இயற்றியது. இலங்கையின் திட்டமோ அமைச்சர் வரைவாய்ப் பிறந்து, ஆணைக்குழு அறிக்கையாய் வளர்ந்து, அரச கட்டளையாய் முடிந்தது. அதனை நாட்டின் பல பகுதியாரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து வாதித்த நாள் ஒன்றேனும் இல்லை. எழுத்து மாத்திரம் போதும் என்பதும் இதனாற் பெறப்படாது. பர்மாவின் 1947ஆம் ஆண்டுத் திட்டம் சான் நாட்டார்க்குப் பத்தாண்டின் பின் பிரிந்துபோகும் உரிமையையே எழுதிக் கொடுத்தது. 1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது அவ்வெழுத்து எவரையும் காக்கவில்லை. எனினும் எழுதப்பட்ட உரிமையை மீறுவோர் மீறுகின்றோம் என்று வெளிப்படக் காட்டியே மீறல் வேண்டும். இலங்கையில் அதற்கும் அவசியம் நேரவில்லை. 1956ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியபோதும் சோல்பரித் திட்டத்தில் ஓர் எழுத்தேனும் திருத்தப்படவில்லை. 1972இல் அத்திட்டம் முற்றாக நீக்கப்பட்டது. 29ஆம் பிரிவும் உடன் சென்றது.

அறிக்கையின் ஆசிரியர்களைத் தீய நோக்குடையோர் என்று கருதுதற்கு அதன் பக்கங்களில் இடமில்லை. அது பண்பட்ட மனிதரால் எழுதப்பட்ட நூல். தன்னைப்போற் பண்பட்டோரே ஆட்சிக்கு வருவர் என எண்ணும் நூல். சேனநாயக்காவின் ஆளுமை அவர்களைக் கவர்ந்திருந்தது என்பது வரிகளினிடையே தெரிகின்றது. அவரும் அந்நம்பிக்கைக்கு முற்றும் தகாதவரல்லர் எனக் கூறுவோர் உளர். ஆனால் அவர் 1952ஆம் ஆண்டு பங்குனியில் காலமானார். அவரது மந்திரிசபை ஐந்தாண்டு நிறையவில்லை. அவரை மனத்திற்கொண்டு எழுதிய பிரிவுகளோ மேலும் இருபதாண்டு இருந்து, அவரை அறியாதோர் கைகளிலும் வழங்கின.

சோல்பரிப் பிரபு 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்தார். தமது அறிக்கை எவ்வாறு நடைமுறையில் இயங்கிற்று என்பதை இராணி மாளிகையிலிருந்தே காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கோடக்கன் பிள்ளை வழக்குத் தீர்ந்த ஆண்டிலும் அவர் அங்கேயே இருந்தார். பின்பு 1963ஆம் ஆண்டு பி. எச். பாமர் இலங்கையைப் பிளவுண்ட நாடாகக் காட்டி எழுதிய நூலுக்கு அவர் முன்னுரை வழங்கினார். இந்தியா முதலிய நாடுகளின் திட்டங்களில் உள்ளவாறு அடிப்படை உரிமைகளுக்கான உத்தரவாதங்களை இலங்கைத் திட்டத்திலும் வைக்கும்படி ஆணைக்குழு பரிந்துரையாமை வருந்தத்தக்கது என்று அங்கே எழுதினார். பதினெட்டு ஆண்டின் பின், பிறர் நூலொன்றின் வாயிலில், சில வரிகளில் அவ்வருத்தம் தெரிவிக்கப்பட்டது. 1945ஆம் ஆண்டு அறிக்கையைப் படிப்போர் அம்முன்னுரையையும் அதன் இறுதி அத்தியாயமாகச் சேர்த்துப் படித்தல் தகும்.